பழைய ஃபோர் வீல் டிரைவில் இன்ஜின் சூடேறினால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

வண்டி சூடாகிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது சூடாகிறது?" என்பதுதான். நின்றுகொண்டிருக்கும்போதா, ஓடும்போதா, கிளப்பிய ஐந்தாம் நிமிடத்திலா, மேடு ஏறும்போதா? இதற்குத் தெளிவான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதைக் கேட்காமலே ஒரு காலத்தில் நல்ல ரேடியேட்டரைக் கழற்றிப் புதிது போட்டேன். பழுது, ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச்சில் இருந்தது. அதற்குப் பிறகு, சூடேறும் நேரத்தைக் கேட்காமல் ஸ்பானரைத் தொடுவதில்லை.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களை மலிவானதிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே போங்கள். தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை: டார்ச், அகச்சிவப்பு வெப்பமானி, கையுறை, தடித்த துணி, கொஞ்சம் கருப்பு இன்சுலேஷன் டேப்.

வெப்ப முள் இப்போதே சிவப்பை நோக்கி ஏறுகிறது

ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். உள்ளே உட்கார முடியாத அளவுக்கு அனலடிக்கும், ஆனாலும் அது ஒரு சின்ன இரண்டாவது ரேடியேட்டர். லோ ரேஞ்சில் (மெதுவான, இழுவை கூடிய கியர் அடுக்கில்) ஊர்ந்துகொண்டிருந்தால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, 1500 ஆர்பிஎம் அளவுக்கு உயர்த்திப் பிடியுங்கள். முள் இறங்கினால் அப்படியே ஓரிரு நிமிடம் விடலாம். இறங்காவிட்டாலோ, ஆவி வந்தாலோ, முள் சிவப்பைத் தொட்டாலோ அணைத்துவிடுங்கள்.

அணைத்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது முழுதும் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர்க் குழாயை) கையால் அமுக்கினால் தளர்வாக அமுங்க வேண்டும், கை சுடக் கூடாது. அதுவரை காத்திருங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் விரிசல் விழும்.

ஓடிக்கொண்டிருந்த வண்டியில், ஏறிய முள் திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லை என்பதால் விழுந்திருக்கலாம். ஹீட்டரிலிருந்து வரும் காற்று குளிர்ந்துபோனால் அது உறுதி. உடனே அணையுங்கள்.

முள் மேலே நிற்கிறது, ஆனால் இன்ஜினில் சூட்டின் அடையாளமே இல்லை

கொதிக்கும் சத்தம் இல்லை, ஹோஸ் கல்லாக இறுகவில்லை, தண்ணீர் குறையவில்லை, ஆனால் முள் மட்டும் மேலே. பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் ஹவுசிங் மேல் கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மீது அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாகக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அதற்காகத்தான் டேப். 85 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலம், பொய் சொல்வது முள்தான்.

எரிபொருள் முள்ளும் கூடவே ஏறி நிற்கிறதா? அப்படியானால் இரண்டு கேஜுக்கும் மின்சாரம் கொடுக்கும் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெப்ப முள் மட்டும் ஏறியிருந்தால் சென்சாரின் வயரைக் கழற்றுங்கள். ஒற்றை வயர் சென்சார் உள்ள பெரும்பாலான வண்டிகளில் முள் குளிர் பக்கம் விழ வேண்டும். விழுந்தால் சென்சார் கெட்டிருக்கிறது. விழாமல் அங்கேயே நின்றால் வயர் எங்கோ உரசிப் பாடியில் தொடுகிறது. ஹெட்லைட் போட்டவுடன் முள் கொஞ்சம் ஏறுவது எர்த் பழுதின் அடையாளம். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்டுங்கள்.

நிற்கும்போதும் ஊரும்போதும் சூடாகிறது, சாலையில் ஓடினால் இறங்கிவிடுகிறது

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று வேலை செய்கிறது, நிற்கும்போதும் லோ ரேஞ்சில் ஊரும்போதும் காற்று முழுக்க ஃபேனை நம்பியிருக்கிறது. எனவே ரேடியேட்டருக்குள் இருப்பதை விட்டுவிட்டு, அதன் வழியே போகும் காற்றைத் தேடுங்கள்.

முதலில் வழியை அடைப்பது எது என்று பாருங்கள். கிரில்லுக்கு முன்னால் வின்ச், கூடுதல் விளக்குகள், நம்பர் பிளேட் என்று அடுக்கியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அதைவிட முக்கியமானது ஏசி கண்டென்சருக்கும் (முன்னால் நிற்கும் ஏசியின் குளிர்விப்பான்) ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், நடுவில் புல் விதை, பூச்சி, காய்ந்த சேறு எல்லாம் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். மேல் பிராக்கெட்டைக் கழற்றி இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடிக்க வேண்டும், அப்போதுதான் அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும். உயர் அழுத்தப் பம்ப்பை அருகில் பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய உலோகத் துடுப்புகள் மடங்கிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், பொறுமைதான் வேண்டும்.

அடுத்து ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு. எப்போதோ யாரோ வேலை செய்யும்போது கழற்றி, மாட்டாமலே விட்டிருப்பார்கள். அது இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். பாதி உடைந்திருந்தாலும் மாற்றுங்கள்.

பிறகு ஃபேனைச் சுற்றும் பெல்ட். ஓர வெடிப்பு, கண்ணாடி போன்ற பளபளப்பு, கிளப்பும்போது கீச்சிடல் இருந்தால் அதை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

இதெல்லாம் சரி என்றால் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச். இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், என் அனுபவத்தில் தப்பித்து ஓடும் குற்றவாளி இதுதான். ராத்திரி முழுதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பினால் முதலில் சிறிது நேரம் ஃபேன் "ஹோ" என்று இரைந்து, பிறகு அடங்க வேண்டும். நன்றாகச் சூடானபின் அந்த இரைச்சல் மறுபடி வர வேண்டும். இரைச்சலே எப்போதும் கேட்டதில்லை என்றால் சந்தேகப்படுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே ஃபேனைக் கையுறையோடு சுற்றிப் பாருங்கள். எண்ணெயில் கரண்டியைத் திருப்புவது போல ஒரு எதிர்ப்பு இருக்க வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று சும்மா சுழன்றால் கிளட்ச் முடிந்தது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய்க் கோடுகள் ஓடியிருந்தாலும், பிளேடு நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலும் அதே முடிவுதான். சில கிளட்ச்சுகளைத் திறந்து சிலிகான் எண்ணெய் நிரப்பலாம். மற்றவற்றை முழுதாக மாற்றத்தான் வேண்டும். ஓடும் ஃபேனைச் செய்தித்தாள் சுருட்டி வைத்து நிறுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், விரல் போய்விடும்.

மின் ஃபேன் வைத்த வண்டி என்றால், ஏசியைப் போட்டதும் அது சுற்றுகிறதா என்றும், காற்று இன்ஜின் பக்கமாக வருகிறதா என்றும் பாருங்கள். வயரை மாற்றி இணைத்ததால் எதிர்ப்பக்கம் சுற்றும் ஃபேனையும் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டியில் மணலிலோ சேற்றிலோ நீண்ட நேரம் இழுக்கும்போது மட்டும் சூடானால், கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடும் ரேடியேட்டரிலேயே வந்து சேர்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தனி எண்ணெய்க் குளிர்விப்பான் வைத்தால் நல்ல மாற்றம் தெரியும்.

ஊருக்குள் நன்றாக இருக்கிறது, வேகத்திலும் மேட்டிலும் சூடாகிறது

இது நேர் எதிர்க் கதை. காற்று தாராளமாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை, அல்லது ரேடியேட்டர் அந்தச் சூட்டை இறக்க முடியாமல் திணறுகிறது.

மலிவான சோதனை ரேடியேட்டரின் கீழ் ஹோஸ். சூடான இன்ஜினை ஒருவர் 3000 ஆர்பிஎம்மில் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துக் கீழ் ஹோஸைப் பார்க்கட்டும். தட்டையாக ஒட்டிக்கொண்டால் வாட்டர் பம்ப் அதை உறிஞ்சி மூடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருக்கும், அல்லது ஹோஸ் மாற்றியவர் ஸ்பிரிங் இல்லாததை மாட்டியிருப்பார். பார்க்கும்போது கையையும் தொங்கும் சட்டை முனையையும் ஃபேனிலிருந்து விலக்கி வையுங்கள்.

தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கிறதா என்று தெரிய, கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், பக்கத்தில் வெப்பமானி. அதன் மீது பொறித்திருக்கும் எண்ணில், பெரும்பாலும் 76 முதல் 88 வரைக்குள் ஒன்று, திறக்கத் தொடங்க வேண்டும். அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுதும் திறந்து, வால்வு கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டராவது நகர வேண்டும். பழுது என்றால் புதியது போடுங்கள். "எடுத்துவிட்டு ஓட்டுங்கள், குளிர்ந்து ஓடும்" என்ற அறிவுரையை மட்டும் கேட்க வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். மாட்டும்போது அதன் சிறு ஆடும் குமிழ் மேல்பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேறும் வழி அதுதான்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா? இன்ஜின் சூடாகி, அணைத்தவுடன் வெப்பமானியால் முகப்பு முழுதும் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் சில்லென்று இருந்தால் அங்குள்ள குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. இன்னொன்றை மறக்காதீர்கள். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் கீழ்ப்பகுதித் துடுப்புகளை நகத்தால் சுரண்டினால் பச்சைப் பொடியாக உதிரும். குழாய் திறந்தே இருந்தாலும் சூட்டை இறக்கும் துடுப்பு இல்லாமல் அது பாதி ரேடியேட்டர்தான். கழுவும் ரசாயனம் இதற்கு உதவாது, கோர், அதாவது குழாயும் துடுப்பும் சேர்ந்த நடுப்பகுதியை, மாற்ற வேண்டும்.

வாட்டர் பம்ப்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. அதிலிருந்து கசிவுத் தடம், அல்லது புல்லியை ஆட்டினால் ஆட்டம், அல்லது உராயும் சத்தம் இருந்தால் பம்ப் மாற்றும் வேளை வந்துவிட்டது. கசியாமலே பம்ப் செத்திருக்கவும் கூடும். உள்ளே இறக்கை அரித்துப் போய்த் தேய்ந்திருப்பது வெளியிலிருந்து தெரியாது, மற்றவை எல்லாம் சரி என்றான பிறகு கழற்றித்தான் பார்க்க முடியும்.

குளிர்விக்கும் பாகங்களில் குறையே காணவில்லை என்றால், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூட்டை உண்டாக்குகிறதா என்று பாருங்கள். சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் மையத்தையும் அளந்தால், பிடித்து நிற்கும் பிரேக் ஒன்று தனியாகச் சுடும். பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலோ டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டயஃப்ரம் கிழிந்திருந்தாலோ சூடேறும். டீசலில் யாரோ எரிபொருள் பம்ப்பின் ஸ்க்ரூவைக் கூட்டி வைத்திருந்தால் மேட்டில் கரும்புகையோடு முள்ளும் ஏறும். பெரிய டயர் மாட்டி, கியர் விகிதத்தை மாற்றாமல் ஓட்டினாலும் இன்ஜினுக்குப் பாரம் கூடும்.

கிளப்பிய சில நிமிடத்திலேயே சிவப்பைத் தொடுகிறது

மூன்று சந்தேகம்தான்: தண்ணீர் குறைவு, உள்ளே காற்று, மூடியபடி இறுகிய தெர்மோஸ்டாட். முள் உச்சத்தில் இருக்கும்போது மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்ப் சுற்றவில்லை. முதலாவதுதான் பெரும்பாலும்.

சமீபத்தில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) மாற்றியிருந்தால் காற்று அடைத்திருக்கும். வண்டியின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து மெதுவாக நிரப்புங்கள். ஐடிலில் ஓடவிட்டு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், மறுபடி நிரப்புங்கள். கீழ் ஹோஸ் சூடானதும் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். மூடியைப் போட்டு ஓட்டிவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்தபின் மட்டத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் இப்படித் தொடர வேண்டியிருக்கும். பின் இருக்கைக்கும் ஹீட்டர் உள்ள நீள வண்டிகளில் காற்று அடங்க இன்னும் நேரம் பிடிக்கும்.

காற்றை எடுத்தும் எடுத்தும் தீராமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் அது வெளிக்காற்று அல்ல. கீழே ஹெட் கேஸ்கெட் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை

முதலில் மூடி. அதன் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, சூட்டில் ஆவியாகப் போய்விடும். ஓவர்ஃப்ளோ பாட்டில் நிரம்பி, திரும்ப ரேடியேட்டருக்குள் வராமல் நின்றாலும், குளிர்ந்தபின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தாலும் மூடியின் உள்வால்வோ பாட்டிலுக்குப் போகும் சிறு குழாயோ பழுது. மூடி மாற்றுவது இந்தக் கட்டுரையிலேயே மலிவான வேலை, வண்டிக்கு எழுதிய அழுத்த அளவிலேயே வாங்குங்கள்.

மூடி நலம் என்றால் கசிவு சூடான உலோகத்தில் விழுந்து காய்ந்துவிடுகிறது. இன்ஜின் குளிர்ந்த நிலையில் அழுத்தச் சோதனைப் பம்ப்பை மாட்டி மூடியின் அளவு வரை ஏற்றி, கால் மணி நேரம் விடுங்கள். பிறகு வெள்ளை அல்லது பச்சைத் தடங்களைத் தேடுங்கள். நான் எப்போதும் பார்க்கும் இடங்கள்: ஹோஸ் கிளாம்ப்கள், பம்ப்பின் துளை, பிளாஸ்டிக் தொட்டி ரேடியேட்டருடன் சேரும் மடிப்பு, முன் இருக்கைப் பக்கம் கால்மிதிக்குக் கீழே ஈரம் (ஹீட்டர் கோர்), கண்ணாடியில் இனிப்பு வாடையோடு படியும் மங்கல். கூடவே வண்டிக்கு அடியில் பின் ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய்கள். சேறு ஒட்டி உள்ளிருந்து துருப்பிடித்து, ஓடும் அழுத்தத்தில் மட்டும் தெளிக்கும், நின்றால் நின்றுவிடும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலிருந்து சொட்டினால் பிளாக்கின் பின்புறத்துக் கோர் பிளக் (துளையை மூடும் உலோக மூடி) துருப்பிடித்திருக்கலாம். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரும், இது கடைக்குரிய வேலை.

கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் ஊற்றாதீர்கள். அவை ஹீட்டர் கோரையும் பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். நடுக்காட்டில் வீடு சேர வேறு வழியில்லை என்றால் மட்டும். சிந்திய கூலன்டை உடனே கழுவுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றைக் கொல்லும் நஞ்சு.

ஆற்றைக் கடந்த பிறகு, சேற்றில் இறங்கிய பிறகு

ஃபேன் தண்ணீரை வாரும்போது பிளேடுகள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரை வெட்டும். வட்டமாக ஒரு கீறல் தெரிந்தால் அதுதான். சேறு துடுப்புகளில் காய்வதற்குள் அன்றே கழுவிவிட வேண்டும், காய்ந்தால் மண் ஓடு மாதிரி ஆகிவிடும். பெல்ட் ஈரமாகி வழுக்குவது சில நிமிடத்தில் சரியாகும்.

ஹோஸ் கல்லாக இறுகுகிறது, குமிழி நிற்கவில்லை, தண்ணீரை வெளியே தள்ளுகிறது

ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) பழுது, அல்லது ஹெட் விரிசல். மேலே உள்ளவற்றை முடிக்காமல் இங்கே நேராகத் தாவ வேண்டாம், ஆனால் இந்த அடையாளங்களைக் கண்டால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ராத்திரி முழுதும் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை உண்டு, எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாகும். டீசலில் சிறு கசிவு எளிதாகக் காட்டிக்கொடுக்காது, ஒருமுறை மாறவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவியது போல் சுத்தமாக இருப்பது, சூடான பிறகும் நிற்காத வெண்புகை, எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால்காப்பி நிறம் ஆகியவையும் சாட்சிகள். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை இருந்தால் அது குறைந்த தூர ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம், டிப்ஸ்டிக்கைத்தான் நம்புங்கள்.

கூலன்டில் எண்ணெய் மிதந்தால் கேஸ்கெட்டை உடனே குற்றம் சொல்லாதீர்கள். பல டீசல்களில் இன்ஜின் எண்ணெய்க் குளிர்விப்பான் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, அது உடைந்தாலும் இப்படித்தான். ஆட்டோமேட்டிக்கில் இளஞ்சிவப்புப் பாலாகக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் உள்ள கியர்பாக்ஸ் குளிர்விப்பான் உடைந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள், தண்ணீர் புகுந்த கியர்பாக்ஸ் தாங்காது.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்

குமிழி, எண்ணெய்க் கலப்பு, வெளிக்கசிவே இல்லாமல் விழும் அழுத்தம், அலுமினிய ஹெட் உள்ள இன்ஜின் சிவப்பில் ஓடியது: இவற்றில் ஒன்று போதும், கிளப்பாமல் இழுத்துச் செல்லுங்கள். ஹெட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே கேஸ்கெட் பிடிக்காது.

போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எந்த வேகத்தில், எத்தனை நிமிடத்தில் சூடாகிறது, எவ்வளவு தண்ணீர் குறைந்தது, எதையெல்லாம் மாற்றினீர்கள். கேஸ்கெட் மாற்றும் முடிவுக்கு வந்தால், ஹெட்டை மட்டம் பார்த்து, விரிசலுக்கு அழுத்தச் சோதனை செய்த பிறகே மூடச் சொல்லுங்கள். பழைய டீசல் ஹெட்டுகளில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விழுவது சகஜம், அதைப் பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போட்டால் சில வாரங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். எந்தக் காரணத்தால் முதலில் சூடேறியது என்பதையும் கேட்டு, அதையும் சேர்த்துச் சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.